பெட்டிக்குக் கழிவு

குவைத்
17.01.1982

அன்புள்ள அண்ணனுக்கும் மதினிக்கும் தங்கச்சி இராஜம் எழுதுறது. முருகன் புண்ணியத்துல நான் நல்ல சுகம். அங்க உங்க ரெண்டு பேரு சுகத்துக்கும், மதினியோட முழங்கால் வலி எப்படி இருக்குன்னும் மறக்காம எழுதுங்க.

அண்ணே, பொங்கல் அன்னைக்கு எங்களுக்கு இங்க லீவு இல்ல. ஆஸ்பத்திரியில மூணாவது மாடி முழுக்க நானும் ஒரு பிலிப்பைன் புள்ளையும் கழுவி எடுத்தோம். அதச் சொல்லி அழ இந்தக் கடிதம் எழுதல, ரொம்ப சந்தோஷமான சேதி ஒண்ணு இருக்கு! விடுதியிலேருந்து ஆஸ்பத்திரிக்கு எங்கள ஏத்தி இறக்குற கம்பெனி பஸ்ஸுக்கு ஒரு டிரைவர் இருக்காரு. பேரு ஞானசேகரம், ஊரு பலாங்கொடை. நம்ம ஆளுங்கதான், அவங்க அப்பாவும் தேயிலைத் தோட்டத்துல வேல செஞ்சவரு. அவரு சித்திரைக்கு மூணு மாச லீவுல ஊருக்கு வாறாரு. கம்பெனி டிக்கட்டுக்கு முப்பது கிலோ கொண்டு போகலாமாம். "எனக்குப் பத்து கிலோ போதும், இருபது கிலோ நீங்க எடுத்துக்குங்க"ன்னு அவரே வந்து சொன்னாரு. நான் கேக்கவே இல்ல அண்ணே!

மூணு வருசமா உங்களுக்குன்னு ஒரு சோப்புக் கட்டிகூட அனுப்ப வழியில்லாம இருந்தேன். என்ன வேணும்னு வெக்கப்படாம எழுதுங்க. இருபது கிலோன்னா சும்மாவா! ஆனா ஒண்ணு. எடை கூடிப்போனா பிளேன்காரங்க கிலோவுக்கு ரெண்டரை தினார் கட்டச் சொல்வாங்களாம். எனக்கு மாசச் சம்பளமே முப்பது தினார்தான். அதனால இருபதுக்கு மேல ஒரு குண்டூசிகூட கூடாது. பதில சுருக்கா போடுங்க.

இப்படிக்கு அன்பு மறவாத
இராஜம்

*

புளத்கொகுபிட்டிய
06.02.1982

அன்புத் தங்கச்சி இராஜத்துக்கு அண்ணன் தம்பையா ஆசீர்வாதம். இங்க எல்லாரும் சுகம். மதினியோட முழங்கால் மழைக்கு வலிக்குது, வெயிலுக்கு ஓடுது. நீ நேரத்துக்குச் சாப்பிடு.

ஆத்தா, உன் கடிதம் வந்த சேதி தோட்டம் பூரா தெரியும்! காலையில ஆளுங்கள எண்ணுற பெரட்டுக் களத்துல வச்சே பிரிச்சு சத்தமா வாசிச்சுட்டேன். இப்ப என்னடான்னா, கொழுந்து நிறுக்க வாற ஒவ்வொரு பொம்பளையும் கூடைய தராசுல வச்சிட்டு, "கணக்கப்பிள்ள, தங்கச்சிகிட்ட எனக்கொரு சீல சொல்லுங்க"ங்குது. நான் எல்லாருக்கும் தலைய ஆட்டி வச்சிருக்கேன். பயப்படாத, எல்லாத்தையும் எழுத மாட்டேன்.

அதவிடப் பெரிய சேதி கேளு. இரத்தினபுரியில துணிக்கடை வச்சிருக்கிற சுந்தரலிங்கம் முதலாளி, ரெண்டாவது மகனுக்கு உன்னைக் கேட்டு ஆள் அனுப்பியிருக்காரு! போன வருச கலவரத்துல கடை எரிஞ்சுபோயி இப்ப திரும்பக் கட்டுறாங்க. இருந்தாலும் கடைக்காரங்க கடைக்காரங்கதான். தோட்டத்துப் புள்ளைய அவங்களா கேட்டு வாறது லேசுப்பட்ட காரியமா? நம்ம தோட்டத்துல பாஸ்போட் எடுத்த மொத புள்ள நீதான்னு நான் நெஞ்ச நிமித்திச் சொன்னேன். வாக்குக் குடுத்துட்டேன். ஆவணியில வச்சிக்கலாம்னு பேச்சு. மாப்பிள்ள வீட்டுக்கு ஒரு டூ-இன்-ஒன் ரேடியோ, மாப்பிள்ளைக்கு ஒரு கைக்கடிகாரம், இது ரெண்டும் மொதல்ல போய்ச் சேரணும். ரேடியோ ரெண்டு பக்கமும் ஸ்பீக்கர் உள்ள பெரிய சாதியா பாரு. மதினிக்கு நைலெக்ஸ் சீல ரெண்டு, எனக்கு ஒரு பிளாஸ்க், மூணு கட்டை டோர்ச் ஒண்ணு, பால்மா டின், பவுடர், சோப்பு. மிச்சம் உன் இஷ்டம்.

எடையப் பத்தி நீ எனக்குப் பாடம் சொல்றியா! பதினெட்டு வருசமா கொழுந்து நிறுக்கிறவன் நான். தராசு கிலோவுக்கு மாறிப்போச்சு, என் வாய்தான் இன்னும் பழைய றாத்தல் கணக்க விட மாட்டேங்குது. நல்லா கேட்டுக்க. கொழுந்து நிறுக்கிற மடுவத்துல ஒருத்தி கூடையோட கொழுந்த வச்சா, நாங்க கூடையையுமா கணக்குல போடுறோம்? கூடைக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவுன்னு கழிச்சுட்டுத்தான் எழுதுறோம். நிறுக்கிற எடத்துலெல்லாம் அதுதான் மொற. தோட்டத்து துரைமாரே அப்படின்னா, பிளேன் கம்பெனிக்காரன் பெட்டியையும் சேத்தா நிறுப்பான்? சாமான்தான் இருபது கிலோ. பெட்டிக்குக் கழிவு உண்டு. நீ கவலையில்லாம நல்ல கெட்டித் தகரப் பெட்டியா, பூட்டு உள்ளதா வாங்கு. அட்டைப் பெட்டியில அனுப்பி என் மானத்த வாங்கிராத!

உன் அண்ணன்
தம்பையா

*

குவைத்
02.03.1982

அன்புள்ள அண்ணனுக்கும் மதினிக்கும். நான் சுகம், அது போல உங்க சுகமும் வேண்டுறேன்.

சாமான் வாங்கியாச்சு! போன வெள்ளிக்கிழமை எங்க விடுதிப் புள்ளைங்க எல்லாரையும் ஞானசேகரம் பஸ்ஸுல சந்தைக்கு ஏத்திட்டுப் போனாரு. மத்தவங்க தங்க நகைக் கடையில நின்னுட்டாங்க. அவரு என்னோட ரேடியோ கடைக்கு வந்தாரு. அஞ்சு கடை ஏறி இறங்கினோம் அண்ணே. ஒவ்வொரு ரேடியோவையும் காதுல வச்சுப் பாத்து, திருகிப் பாத்து, "இது கரகரங்குது, வேணாம்"னு வச்சிட்டாரு. கடைசியில நீங்க சொன்ன மாதிரியே ரெண்டு ஸ்பீக்கர் உள்ளது கிடைச்சுது. ஏழு கிலோ! யாருக்குன்னு கேட்டாரு. இரத்தினபுரி விசயத்தச் சொன்னேன். கொஞ்ச நேரம் அதத் திருகிக்கிட்டே இருந்தாரு. அப்புறம், "நல்ல சத்தம், இதையே எடுங்க"ன்னாரு.

பெட்டியும் அவருதான் பாத்து எடுத்தாரு. பச்சைப் பெயிண்ட் அடிச்ச தகரப் பெட்டி, மூலைக்கு மூலை பித்தளை. விலைய பேசி ஒரு தினார் குறைச்சும் குடுத்தாரு. கடைக்காரனோட அரபியில சண்ட போடுறாரு பாருங்க, நாங்க சிரிச்சு சிரிச்சு வயித்து வலி வந்துருச்சு. திரும்பி வாறப்ப பஸ்ஸுல எனக்கு முன் சீட்டுதான். அங்க உக்காந்தா அவரு ஊர்க் கதையெல்லாம் சொல்வாரு. அவங்க வீட்டு மேல மேகம் வந்து படுக்குமாம், அம்மாவுக்கு எப்பவும் குளிருதாம். அதனால ஒரு போர்வை வாங்கி வச்சிருக்காரு, காட்டினாரு. தொட்டுப் பாத்தேன், பூன மாதிரி மெதுமெதுன்னு இருக்கு.

நீங்க எழுதின மத்த விசயத்தையும் வாசிச்சேன். மதினிக்கு ஒரு சீல மஞ்சள், ஒண்ணு ஊதா.

இராஜம்

*

புளத்கொகுபிட்டிய
20.03.1982

அன்புத் தங்கச்சிக்கு அண்ணன் ஆசீர்வாதம். எல்லாரும் சுகம், உன் சுகம் அறிய ஆவல்.

ஏழு கிலோ ரேடியோவா! அடேயப்பா! சுந்தரலிங்கம் முதலாளிகிட்ட ஆள் விட்டுச் சொல்லிட்டேன். அவரு கடையில உள்ள ரேடியோ கூட அவ்வளவு பெருசு இல்லையாம். இதோட மாப்பிள்ள போட்டோ வச்சிருக்கேன். மீசை கொஞ்சம் மெல்லிசு, அது போகப் போக வரும். பாத்துட்டு பிடிச்சிருக்குன்னு எழுது.

பெட்டி வர்ற அன்னைக்கு வீட்டுக்கு வெள்ளை அடிக்கப் போறேன். லயத்து வீட்டுப் பொம்பளைங்க இப்பவே எப்ப எப்பன்னு உயிர எடுக்குதுங்க. சித்திரை வருசப் பிறப்ப விட்டுட்டு எல்லாரும் உன் பெட்டியத்தான் எதிர்பாத்துக்கிட்டு இருக்கோம்!

தம்பையா

இது மதினி எழுதுறது. உங்கண்ணன் கடிதத்த ஒட்டாம வச்சிட்டு முகம் கழுவப் போயிருக்காரு. ஏன் புள்ள, போன கடிதம் பூரா அந்த டிரைவர் தம்பிதான் இருக்காரு. மாப்பிள்ளைக்கு ஒத்த வரி. உங்கண்ணனுக்கு நிறுக்கத்தான் தெரியும். நான் எண்ணிப் பாத்தேன். முழங்கால் பரவாயில்ல.

*

குவைத்
07.04.1982

அன்புள்ள அண்ணனுக்கும் மதினிக்கும். நான் சுகம். இந்தக் கடிதம் பெட்டியோட வருது, அதனால தபாலுக்கு முந்திரும்.

நீங்க சொன்னபடியே பெட்டிய விட்டுட்டு சாமான மட்டும் ஆஸ்பத்திரி சலவை அறைத் தராசுல வச்சு நிறுத்தேன். சரியா இருபது கிலோ. முள்ளு அசையல! அதுக்கப்புறம்தான் பெட்டியில அடுக்கிப் பூட்டினேன். மூணு வருசத்துக்கு முந்தி நான் வந்தப்ப என்கிட்ட இருந்ததே ஒரு துணிப்பைதான், அத யாரும் நிறுக்கக்கூட இல்ல. அதனால எனக்கு இந்த மொறையெல்லாம் தெரியாது, எல்லாம் உங்க தைரியம்தான். ஞானசேகரம் பெட்டிய ஒரு தடவ தூக்கிப் பாத்தாரு. என்னையும் பாத்தாரு. அப்படியே பஸ்ஸுல ஏத்திட்டாரு. சாவியும் அவருகிட்டதான் இருக்கு.

அவருக்கு நம்ம வீட்டுல ஒரு நேரச் சோறு போடுங்க. பச்ச மிளகா சம்பல்னா உயிரு. மூணு மாசத்துக்கு வேற டிரைவர் வாறானாம்.

மதினிக்கு: எண்ணாதீங்க.

இராஜம்

*

புளத்கொகுபிட்டிய
22.04.1982

அன்புத் தங்கச்சி இராஜத்துக்கு அண்ணன் ஆசீர்வாதம். நாங்க எல்லாரும் சுகமோ சுகம்!

பெட்டி வந்துருச்சு ஆத்தா! நீ பாத்திருக்கணும். அந்த ஆளு பிளேன் எறங்கி அவன் வீட்டுக்குக்கூட போகாம நேரா இங்க வந்துட்டான். யட்டியாந்தோட்டையில பஸ் மாறுறப்ப சிங்களக் கண்டக்டர் "மாத்தயா, பெட்டிக்கும் டிக்கட் எடுங்க"ன்னு மல்லுக்கு நின்னானாம். ரோட்டுலேருந்து நம்ம வீடு வரைக்கும் அந்தப் பெட்டிய தோள்லயே தூக்கிட்டு வந்தான். பின்னால இருவது முப்பது பேரு. வாசல்ல வச்சுத் திறந்தோம். ரேடியோவுக்கு பெட்டரி போட்டதும் பாட்டு வந்துச்சு பாரு, மேல் லயத்துல நாய் குரைச்சுச்சு! மதினி ஊதா சீலைய அன்னைக்கே கட்டிட்டா. பிளாஸ்க்குல காலையில ஊத்தின தேத்தண்ணி அந்தியிலயும் வாய் சுடுது.

சோறு போட்டோம். நல்லா சாப்பிட்டான். ஆனா தங்கச்சி, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்காத. அந்த ஆளு சரியில்ல. மூணு வருசம் குவைத்துல சம்பாதிச்சவன் கையில என்ன இருந்துச்சு தெரியுமா? ஒரு பிளாஸ்டிக் பை. அதுல ஒரு சட்ட, ஒரு சோப்புக் கட்டி. அவ்வளவுதான்! "அம்மாவுக்கு என்ன கொண்டு போறீங்க தம்பி?"ன்னு மதினி கேட்டா. "பெறகு வருது"ன்னு சொல்லிட்டுத் தலையக் குனிஞ்சுக்கிட்டான். குடியா, சூதா, என்ன எழவோ. பெத்த தாய்க்கு ஒரு துண்டுத் துணி வாங்க மனசில்லாதவன் என்ன மனுசன்? இனிமே அவனோட முன் சீட்டுல உக்காந்து கதை பேசாத. ஊர்ல நாலு பேரு காதுல விழுந்தா நல்லாயில்ல.

ரேடியோவையும் கடிகாரத்தையும் நானே இரத்தினபுரிக்குக் கொண்டு போய்க் குடுத்தேன். முதலாளிக்கு வாயெல்லாம் பல்லு. இப்ப கொழும்புல டீவி வந்துருச்சாமே, அடுத்த தடவ அதுல ஒண்ணுன்னு சொன்னாரு. பாப்போம்னு வந்தேன். ஆவணி மாசம் பத்துக்குள்ள நாள் பாக்கச் சொல்லியிருக்காரு. போட்டோவப் பத்தி நீ ஒண்ணும் எழுதல. புள்ளைக்கு வெக்கம்னு சொல்லி வச்சிருக்கேன்.

தம்பையா

*

குவைத்
09.05.1982

அண்ணனுக்கு,

சுகம் விசாரிச்சு எழுதத்தான் உக்காந்தேன், முடியல.

பெட்டிக்குக் கழிவு கிடையாது அண்ணே! கிடையவே கிடையாது! பெட்டியோட சேத்துத்தான் நிறுக்கிறான். நம்ம தகரப் பெட்டி மட்டும் எட்டு கிலோ.

உங்க கடிதத்துல அவரு வெறும் பிளாஸ்டிக் பையோட வந்தாருன்னு இருந்துச்சு. எனக்குப் புரியல. போர்வைய என் கண்ணால பாத்தேனே! அன்னைக்கு அவர ஏர்போட்டுக்குக் கொண்டு போய் விட்டது புவாட், அவரோட வேல செய்ற நம்ம நாட்டு டிரைவர் இன்னொருத்தர். அவர மறிச்சுக் கேட்டேன். "அவன் சத்தியம் வாங்கியிருக்கான், சொல்ல மாட்டேன்"னாரு. நான் பஸ் படியிலேருந்து எறங்க மாட்டேன்னு நின்னுட்டேன். பின்னால புள்ளைங்க எல்லாம் கத்துது. அதுக்கப்புறம்தான் சொன்னாரு.

கவுண்டர்ல நம்ம பெட்டிய வச்சதும் இருபத்தெட்டுக்குப் போச்சாம். அவரு பைய வச்சதும் முப்பத்தெட்டு. எட்டு கிலோ கூட. இருபது தினார் கட்டு, இல்லாட்டி எட்டு கிலோவ எடுன்னு சொல்லிட்டாங்க. அவரு கையில நாலு தினார்தான். சம்பளப் பணம் முழுக்க முந்தியே அம்மா பேருக்கு டிராப்ட் போட்டு அனுப்பிட்டாரு. நீங்க சொன்ன குடியும் இல்ல சூதும் இல்ல! பின்னால வரிசையில ஆளுங்க ஏசுறாங்க. புவாட் சொல்லியிருக்காரு, "பெட்டி சாவி உன்கிட்டதானே இருக்கு, அந்த ரேடியோவ எடுத்து வெளிய வை, ஏழு கிலோ கொறையும், மிச்ச ஒரு கிலோவுக்கு ரெண்டு பேரும் போட்டுக் கட்டிருவோம். எவனோ ஒருத்தன் பாட்டுக் கேக்க நீ ஏன்டா சாகுறே"ன்னு. அதுக்கு அவரு, "அது அவங்க அண்ணன் ஆசையா கேட்டது"ன்னு சொல்லிட்டு, தன்னோட பைய தராசுலேருந்து எறக்கி புவாட் கையில குடுத்துட்டாராம். ஒரு சட்டையையும் சோப்பையும் மட்டும் உருவி ஒரு பிளாஸ்டிக் பையில போட்டுக்கிட்டு பிளேன் ஏறிட்டாரு.

அந்தப் பைய வாங்கிட்டு வந்து இப்ப என் கட்டில்ல வச்சிருக்கேன். போர்வை இருக்கு. அவரு அக்கா புள்ளைங்களுக்கு ரெண்டு சோடி சப்பாத்து இருக்கு. கால் அளவு வரைஞ்சு அனுப்பின காகிதம்கூட சப்பாத்துக்குள்ளயே இருக்கு. நான் அழுதேன் அண்ணே. உங்க மேல எனக்குக் கோவம், என் மேலயும் கோவம்.

அந்த மனுசனப் போயி தாய்க்கு ஆகாதவன்னு எழுதிட்டீங்களே.

ஆவணிக்கு நாள் வைக்காதீங்க. ஏன்னு கேட்டா எழுத எனக்குக் கை வராது.

இராஜம்

*

குவைத்
06.06.1982

அன்புள்ள அண்ணனுக்கும் மதினிக்கும். நான் சுகம். நீங்க சுகமான்னு தெரியல. கடிதம் போட்டு நாலு வாரம் ஆச்சு.

அந்தப் பைய அனுப்பிட்டேன். புவாட்டோட மச்சான் லீவுல போனாரு, அவருக்குப் பதினோரு கிலோ மிச்சம் இருந்துச்சு. பையோட சேத்து நிறுத்துத்தான் குடுத்தேன். அவரு பலாங்கொடை பக்கம்தான், வீட்டுக்கே கொண்டு போய்க் குடுக்கிறேன்னு சொன்னாரு. அதுக்குள்ள என் பங்குக்கு அவங்க அம்மாவுக்கு ரெண்டு சோடி கம்பளிக் காலுறையும் வச்சேன். உங்களக் கேக்காம செஞ்சிட்டேன்.

தினமும் வேல விட்டு வந்ததும் தபால் மேசையத்தான் பாக்கிறேன். ஏசியாவது எழுதுங்க அண்ணே. இப்படி ஒண்ணும் எழுதாம இருக்காதீங்க.

இராஜம்

*

புளத்கொகுபிட்டிய
15.06.1982

அன்பு இராஜத்துக்கு மதினி சிவபாக்கியம். நான் சுகம், உங்கண்ணன் ஒடம்புக்குச் சுகம்.

உன் கோவக் கடிதம் வந்த அன்னைக்கு மடுவத்துல நின்னே வாசிச்சாரு. வாசிச்சிட்டு வெறுங்கூடைய எடுத்துத் தராசுல வச்சாரு, முள்ளப் பாத்தாரு, எடுத்தாரு, திரும்ப வச்சாரு. பொம்பளைங்க எல்லாம் வரிசையில நின்னு முழிக்குதுங்க. ரெண்டாவது கடிதத்தையும் மேல் சட்டைப் பையிலயே வச்சிட்டுத் திரியுறாரு. சண்டையாவது போடுவாருன்னு பாத்தா அதுவும் இல்ல.

நேத்து காலையில வெள்ள வேட்டி கட்டி, கையில வெத்தல பாக்கும் ஒரு சீப்பு வாழப்பழமும் எடுத்துக்கிட்டு மொத பஸ்ஸுல போயிட்டாரு. இரத்தினபுரிக்கான்னு கேட்டேன், ஆமான்னாரு. நாள் வைக்கவான்னு கேட்டேன், செருப்ப மாட்டிக்கிட்டு எறங்கிட்டாரு. இன்னும் வரல புள்ள. பிள்ளையாருக்கு ஒரு தேங்கா நேந்து வச்சிருக்கேன். எதுக்குன்னு பிள்ளையாருக்குத் தெரியும்.

சிவபாக்கியம்

*

புளத்கொகுபிட்டிய
05.07.1982

அன்புத் தங்கச்சி இராஜத்துக்கு உன் அண்ணன் தம்பையா. நான் சுகம், மதினி சுகம். உன் சுகத்தக் கேக்க எனக்குக் கொஞ்சம் வெக்கமா இருக்கு. இருந்தாலும் கேக்கிறேன்.

இதுவரைக்கும் கடிதம் போடாததுக்குக் காரணம், எல்லாம் முடிஞ்ச பெறகுதான் எழுதணும்னு இருந்தேன். முடிய இவ்வளவு நாள் ஆச்சு. இப்ப இது ஆள் கையில வருது. நல்லா சோத்துப் பருக்க வச்சு ஒட்டியிருக்கேன், அவன் பிரிக்க மாட்டான்னு தெரியும், இருந்தாலும் ஒட்டினேன்.

மொதல்ல இரத்தினபுரிக்குத்தான் போனேன். வெத்தலய முதலாளி முன்னுக்கு வச்சு, "என் தங்கச்சிய கேக்காம வாக்குக் குடுத்துட்டேன், தப்பு என்னோடது, மன்னிக்கணும்"னு சொன்னேன். அம்மாடி, என்ன ஏச்சு! தோட்டக்காட்டான் புத்திய காட்டிட்டான்னாரு. கடையில ரெண்டு கஸ்டமர் வேற நிக்கிறாங்க. நான் நின்ன எடத்துலயே நின்னேன். எழுந்து வரணும்னு தோணுச்சு, ஆனா இதக் கேட்டுத்தான் ஆகணும்னும் தோணுச்சு. போன கிழமை ரேடியோவும் கடிகாரமும் திரும்பி வந்துச்சு. பெட்டரி எட்டையும் கழட்டிட்டுத்தான் அனுப்பியிருக்காங்க, பாத்தியா!

அங்கேருந்து அப்படியே பலாங்கொடை பஸ் ஏறினேன். வீட்ட விசாரிச்சு மேல ஏறிப் போறேன், நீ சொன்ன மாதிரியே மேகம் வந்து கூரையில படுத்திருக்கு. ஞானசேகரம் கூரை மேல நின்னு தகரம் மாத்திக்கிட்டு இருந்தான். கீழ அவங்க அம்மா அந்தப் போர்வையப் போத்திக்கிட்டு, காலுல உன் காலுறையோட உக்காந்திருக்கு. நான் யாருன்னு சொன்னதும் அந்தம்மா கேட்ட மொத கேள்வி, "அந்தப் புள்ள பேரு இராஜமா?" நான் ஆமான்னேன். "ரெண்டு வருசமா ஒவ்வொரு கடிதத்துலயும் 'இங்க நம்ம பக்கத்துப் புள்ள ஒண்ணு இருக்கு'ன்னு எழுதுவான். பேரு எழுத மாட்டான்"னு சொல்லுது. மேலேருந்து சுத்தியல் கீழ விழுந்துச்சு.

அவன் எறங்கி வந்தான். நான் அவன் கையப் பிடிச்சு மன்னிப்புக் கேட்டேன் ஆத்தா. எடையிலயும் தப்பு, உன்னத் தப்பா நெனச்சதும் தப்புன்னு சொன்னேன். அவன் நெளியுறான். வந்தது வந்தாச்சுன்னு நேராவே கேட்டுட்டேன், "எங்க இராஜத்தக் கட்டிக்க உனக்கு விருப்பமா தம்பி?" அவன் விழுந்த சுத்தியல எடுத்து ஓரமா வச்சான். அப்புறம் கேக்கிறான், "நீங்க அவங்ககிட்ட கேட்டீங்களா?"

எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? எந்தத் தோட்டத்துலயும் யாரும் என்னைய அப்படி ஒரு கேள்வி கேட்டதில்ல. ரேடியோ எத்தன ஸ்பீக்கர்னு கேட்டேன், பெட்டிக்குப் பூட்டு இருக்கான்னு கேட்டேன். போட்டோ அனுப்பி, பிடிச்சிருக்குன்னு எழுதுன்னு சொன்னேனே தவிர, பிடிச்சிருக்கான்னு கேக்கல. மதினி இத வாசிச்சிட்டு, "இப்பவாவது உறைச்சுதே"ங்குறா.

அதனால கேக்கிறேன் தங்கச்சி. இரத்தினபுரி முடிஞ்சு போச்சு, அது உன் தலையில இல்ல. பலாங்கொடைக்கு நான் வாக்கு எதுவும் குடுக்கல. உனக்கு யாரு வேணும்? யாருமே வேணாம், இன்னும் ரெண்டு வருசம் அங்கயே இருக்கேன்னாலும் எழுது. நீ எழுதுறதுதான் முடிவு. லீவு முடிஞ்சு வாற ஞானசேகரம்கிட்டதான் இந்தக் கடிதத்தக் குடுத்து விடுறேன், இதுல என்ன இருக்குன்னு அவனுக்குத் தெரியாது. குடுத்தா வாங்கிக்க, உடனே பதில் சொல்லணும்னு இல்ல.

உன் அண்ணன்
தம்பையா

*

குவைத்
12.07.1982

அண்ணே! மதினி!

மொதல்ல சுகமான்னு கேக்கணும், கேக்கல, மன்னிச்சிருங்க. இன்னைக்கு லீவு நாள் வெள்ளிக்கிழமை மாதிரி மனசு, ஆனா திங்கக்கிழமைதான். ஒரு மணிக்கு விடுதி வாட்ச்மேன் வந்து, வாசல்ல ஆள் வந்திருக்குன்னான். போய்ப் பாத்தா அவரு நிக்கிறாரு. கறுத்து, மெலிஞ்சு, கையில உங்க கடிதம். "உங்க அண்ணன் குடுத்தாரு"ன்னு நீட்டினாரு. வாங்கினேன். அவரு போகல. நான், "வாசிச்சிட்டு வாறேன்"னு சொல்லிட்டு உள்ள ஓடி வந்துட்டேன்.

கட்டில்ல உக்காந்து வாசிச்சேன். ரெண்டு தடவ வாசிச்சேன். நடுவுல சிரிச்சேன், அந்த பெட்டரிக்கு. இரத்தினபுரியில நீங்க நின்ன எடத்துல நானும் உங்க பக்கத்துல நின்னிருக்கணும் அண்ணே. எனக்காக அவ்வளவு ஏச்சையும் கேட்டுட்டு வந்திருக்கீங்க. அப்புறம் என்னைக் கேட்ட எடத்துக்கு வந்தேன். அந்த வரிய எத்தன தடவ வாசிச்சேன்னு எனக்கே தெரியாது. நம்ம வீட்டுல, நம்ம லயத்துல, எந்தப் பொண்ண யாரு இப்படிக் கேட்டிருக்காங்க? எனக்கு வயசு இருபத்தொன்பது. இன்னைக்குத்தான் கேட்டீங்க, ஆனா கேட்டுட்டீங்க.

அவருதான் அண்ணே.

எழுத ரெண்டு மாசமா கை வராதது இப்ப எப்படி வந்துச்சு பாருங்க! அவருதான். ரேடியோ கடையில அவரு அதத் திருகிக்கிட்டே நின்னப்பவே அவருதான். அவங்க அம்மாகிட்ட போய்ச் சொல்லுங்க, பேரு இராஜம்தான்னு. நாள நீங்களே பாருங்க.

வாசல் பக்க ஜன்னலால எட்டிப் பாத்தேன். இன்னும் நிக்கிறாரு. நிழலுக்குக்கூட ஒதுங்கல. இங்க ஆடி மாச வெயில் எப்படின்னு உங்களுக்குத் தெரியாது, ரோட்டுல தார் உருகுது. வாட்ச்மேன் வேற ரெண்டு மணிக்கு வாசல் கதவ மூடிருவான். நீங்க கேட்டதால உங்களுக்குத்தான் மொதல்ல சொல்லணும்னு உக்காந்து எழுதினேன். எழுதியாச்சு. இப்ப அவருகிட்ட போய்ச் சொல்லப் போறேன்.

இராஜம்